காரோவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்

கோதன்பர்க்,
18 அக்டோபர் 1999

அன்புள்ள விஷ்னியாவுக்கு,

நெவெங்கா அண்ணி எழுதுவது. இங்கே நானும் என் மகள் மிர்னாவும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் வலி என்னோடு கப்பல் ஏறி ஸ்வீடனுக்கும் வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை. உனக்கும் என் தம்பிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் வீட்டு போனுக்கு என்ன ஆயிற்று? எண்ணைச் சுழற்றினால் மணிகூட அடிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காரோ சாப்பிடுகிறானா? அவனை விட்டு வந்ததிலிருந்து, தெருவில் எந்தக் கறுப்பு நாயைப் பார்த்தாலும் நின்றுவிடுகிறேன். என்ன செய்ய, மிர்னாவின் வீடு மூன்றாவது மாடி, நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பஸ் ஸ்டாண்டில் திஹோ கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னானே, "நீ போக்கா. இவன் என்கூட இருக்கட்டும். எனக்கும் பேச ஒரு ஆள் வேணும்ல" என்று. போரிலிருந்து வந்த பிறகு அவன் யாரோடும் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன். குளிர்காலம் காரோவுக்கு ஆகாது. குளிரைச் சொல்லவில்லை, பண்டிகைகளைச் சொல்கிறேன். பன்றி அறுக்கும் நாளில் எவனாவது எலும்பைத் தூக்கிப் போடுவான். போன வருஷம் அது தொண்டையில் மாட்டி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். வெடிச் சத்தம் கேட்டால் ஆள் உயரச் சுவரைத் தாண்டுவான். நவம்பர் முடிந்துவிட்டால் கேட்டைப் பூட்டியே வைக்க வேண்டும்.

திஹோவை இரண்டு வரி எழுதச் சொல். அவன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நாளாயிற்று.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
அன்புடன்,
நெவெங்கா


யாசெனிக்,
7 நவம்பர் 1999

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். மிர்னாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். நாங்கள் நலமே.

போன் பழுது. சரிசெய்ய ஆள் வரவேண்டும். நீங்கள் எழுதுங்கள், எனக்குக் கடிதம் படிக்கப் பிடிக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு மாமியார் கல்லறையில் விளக்கேற்றி, மஞ்சள் செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன். நான் மட்டும்தான் போனேன். கூட்டத்துக்குள் காரோவைக் கூட்டிப் போக முடியாது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

காரோ நன்றாகச் சாப்பிடுகிறான். உங்கள் தம்பி காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு தண்டவாளம் ஓரமாகவே கால்வாய் வரை போய் வருகிறார். கால்வாயைத் தாண்ட விடுவதில்லை. அந்தப் பக்கம் காட்டில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. கண்ணிவெடி எடுக்க வருகிறோம் என்றவர்கள் இந்த வருஷமும் வரவில்லை.

தண்டவாளம் பார்க்கும் பார்த்தோல், அதுதான் பக்கத்து வீட்டுக்காரர், நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஏப்பா திஹோ, நீ நாயை மேய்க்கிறியா, நாய் உன்னை மேய்க்குதா?"

இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அவன்தான் என்னை மேய்க்கிறான். ஆனா சம்பளம் கேக்க மாட்டேங்கறான்" என்றார். பார்த்தோல் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சிகரெட் விழுந்தது. நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து நாளாயிற்று.

ராத்திரி இவர் கட்டிலுக்குக் கீழே படுக்கிறான். இவர் கையைத் தொங்கப்போட்டு அவன் முதுகில் வைத்துக்கொண்டால்தான் தூங்குகிறான்.

இவர் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.
வணக்கத்துடன்,
விஷ்னியா


கோதன்பர்க்,
24 நவம்பர் 1999

அன்புள்ள விஷ்னியா,

உன் கடிதத்தை மிர்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். பார்த்தோல் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சளி, ஆனால் காய்ச்சல் இல்லை. உங்களுக்கு?

இங்கே கடைகளில் இப்போதே நட்சத்திர விளக்கு. இந்த வருஷம் பைத்தியம் முற்றிவிடும் போலிருக்கிறது. ரெண்டாயிரம் பிறக்கிறதாம்! நம் ஊர் ஆட்கள் எப்படி என்று எனக்குத் தெரியாதா? தீயணைப்பு நிலைய முற்றத்தில் பால் கேனில் கார்பைடைப் போட்டு வெடிப்பார்கள், துப்பாக்கி வைத்திருப்பவன் வானத்தைச் சுடுவான்.

மிர்னா என்னை ஒரு மிருக வைத்தியரிடம் கூட்டிப் போனாள். என் உடைந்த ஸ்வீடிஷில் காரோவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இத்துடன் பார்சலில் வருகிறது. வெடி தொடங்குவதற்கு முன்பே அரை மாத்திரை கொடுக்க வேண்டும். நடுங்கத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லையாம்.

அவர் சொன்ன மற்றவை: ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்து, அவனுடைய கந்தலை விரித்து வைக்க வேண்டும். ரேடியோவைப் போட்டுவிட வேண்டும். பழக்கமான ஒருவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நடுங்குகிறானே என்று திட்டவே கூடாது. கழுத்துப் பட்டையில் பெயரும் விலாசமும் இருக்கட்டும். சாக்லேட் விஷம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சரிகை குடலைச் சுற்றிக்கொள்ளும். முற்றத்துக்குப் போனாலும் கயிறு கட்டித்தான்.

உங்கள் சாமான் அறைக்கு ஜன்னல் இல்லையே. அது தோதான இடம்.

திஹோ எங்கே? அவன் எழுத்து எங்கே? கோபமா என்மேல்?

ஆசிகளுடன்,
நெவெங்கா


யாசெனிக்,
12 டிசம்பர் 1999

அன்பு அண்ணிக்கு,

மிர்னாவின் சளி விட்டதா? இங்கே பனி முழங்கால் அளவு. நாங்கள் மூவரும் நலம்.

மாத்திரை வந்து சேர்ந்தது. இவருக்கு உங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை. கையில் பேனாவை எடுத்தால் வேறு வேலை வந்துவிடுகிறது.

நிக்கோலாஸ் திருநாளன்று பையன்கள் நிக்கோலாஸ் பூட்ஸில் போட்டுவிட்டுப் போகும் மிட்டாயை எடுத்த கையோடு பட்டாசும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் காரோவைச் சாமான் அறைக்குக் கொண்டு போனோம். உங்கள் தம்பியும் கூடவே உட்கார்ந்துகொண்டார். மிளகாய் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தது பார்க்க வேடிக்கையாக இருந்தது. தெரு அடங்கி வெகு நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. சூப்பை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்றியை இந்த வருஷம் நம் முற்றத்தில் அறுக்கவில்லை. பார்த்தோல் வீட்டில் வைத்துக்கொண்டோம். எலும்பு பயம் இல்லை அல்லவா? அன்று முழுவதும் இவர் காரோவைக் கூட்டிக்கொண்டு வெகுதூரம், பன்றியின் சத்தம் கேட்காத தூரம் வரை நடந்துவிட்டு வந்தார். உங்கள் பங்குக்கு ஒரு குலென் தொத்திறைச்சி புகைக்கூட்டில் தொங்குகிறது.

ஒரு தமாஷ். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பார்த்தேன், கொழுப்பில் உருட்டிக் கொடுக்க முடியுமா என்று. இவர் கையை நீட்டி, "அந்த இன்னொரு பாதியை எனக்குக் குடேன்" என்றார்.

"நாய் மாத்திரைங்க அது."

"இருக்கட்டுமே. நானும் கடிக்கிறதில்லல்ல."

சிரித்துக்கொண்டே டப்பாவை மூடி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள், அண்ணி.
விஷ்னியா


கோதன்பர்க்,
20 டிசம்பர் 1999

அன்புள்ள விஷ்னியா, திஹோ,

பிறக்கப்போகும் பாலன் இயேசு உங்கள் வீட்டுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும். நாங்கள் சுகம். மிர்னா ஒரு விஷயம் சொன்னாள். அவள் முழுகாமல் இருக்கிறாள்! ஜூலையில் நான் பாட்டியாகிறேன்.

மாத்திரைக் கதையைப் படித்துச் சிரித்தேன். இவன் மாறவே இல்லை. சின்னப் பிள்ளையில் எனக்கு இருமல் மருந்து ஊற்றினால் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

31-ம் தேதியை மறக்க வேண்டாம். இருட்டும் வரை காத்திருக்காதீர்கள், ஆட்கள் மத்தியானமே குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காரோவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.
நெவெங்கா


கோதன்பர்க்,
19 ஜனவரி 2000

விஷ்னியா,

புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டைகூட வரவில்லை. தபாலா, உடம்பா, என்ன என்று தெரியவில்லை. காரோ ஓடிப் போய்விட்டானா? அப்படியென்றால் அப்படியே எழுது. நான் தாங்குவேன். ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நெவெங்கா


யாசெனிக்,
2 பிப்ரவரி 2000

அன்பு அண்ணிக்கு,

மிர்னாவுக்குத் தலைசுற்றல் இல்லாமல் இருக்கிறதா? உங்களுக்கு எழுத உட்கார்ந்து பல தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

காரோ இறந்துவிட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. மத்தியானமே கேட்டையும் முற்றத்துக் கதவையும் பூட்டினோம். சாமான் அறையில் கந்தல், ரேடியோ, அரை மாத்திரை எல்லாம் ஆயிற்று. காரோ இவர் மடியில் தலையை வைத்துத் தூங்கியேவிட்டான். நான் அடுப்பில் முட்டைக்கோஸ் சர்மா வைத்திருந்தேன். இந்த வருஷம் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

பொழுது சாயும் நேரம் தீயணைப்பு நிலையத்தில் முதல் கேன் வெடித்தது. ஜாடிகள் ஒன்றோடொன்று மோதின. காரோ கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். இவர் எழுந்துவிட்டார்.

"விஷ்னியா, எல்லாரையும் கீழ எறக்கு."

"ஏங்க, கார்பைடுங்க. நம்ம பசங்கதான். உக்காருங்க."

"பேசிட்டு நிக்காத. நிலவறைக்குப் போ. கெழவிங்களை முதல்ல எறக்கு."

கையைப் பிடித்தேன். அவர் என்னைத் தள்ளவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு மெதுவாக. முற்றத்துக் கதவைத் திறந்தார், கேட்டைத் திறந்தார். காரோவுக்காகத்தான் பூட்டினோம் அண்ணி, சாவியை இவர் பையில்தான் போட்டுவைத்திருந்தோம்.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் கையால் அடித்தார். "எறங்குங்க! எல்லாரும் கீழ எறங்குங்க!" ஆட்கள் கையில் கிளாஸோடு வெளியே வந்தார்கள். "திஹோ இப்பவே ஏத்திக்கிட்டான்டா! இன்னும் ரெண்டாயிரமே பொறக்கலடா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் இவர் கையில் கிளாஸைத் திணிக்கப் பார்த்தார். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இவர் செருப்பில்லாத காலோடு பனியில் நின்று அவர்கள் முகங்களைப் பார்த்தார். பிறகுதான் இவருக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் உங்களுக்கு எழுத மாட்டேன்.

காரோ எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். மாத்திரையில் கால் பின்னியபடி கேட்டில் நின்று இவரைத் தேடினான். அடுத்த கேன் வெடித்தது. தண்டவாளப் பக்கம் ஓடியவன்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன் பழுதில்லை. மணி அடித்தபோதெல்லாம் இவர் தரையில் படுத்தார். கடைசியில் ஒரு நாள் கம்பியைப் பிடுங்கிவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு வராதது, பன்றியை நம் முற்றத்தில் அறுக்காதது, எதுவும் காரோவுக்காக இல்லை. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் காரோவைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் காரோவைப் பற்றியே எழுதினேன். அது எளிதாக இருந்தது.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பார்த்தோல் தண்டவாளம் பார்க்கப் போனபோது சிறு பாலத்துக்கு அருகில் காரோவைக் கண்டார். சரக்கு வண்டி அடித்திருக்க வேண்டும். தண்டவாள ஓரத்துத் தன் காவல் குடிசைக்குப் பின்னால் புதைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். நான் இவரிடம் சொல்லவில்லை, பார்த்தோலும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஏனென்றால் இவர் தேடுகிறார், அண்ணி. காலையில் எழுகிறார். முகம் மழிக்கிறார். கோட்டை மாட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக, "கறுப்பு நாய், நெஞ்சுல வெள்ளை, பார்த்தீங்களா?" என்று கேட்கிறார். மனிதர்களோடு பேசுகிறார்! பசியோடு வந்து சாப்பிடுகிறார். சண்டை முடிந்த பிறகு இவரை இப்படி நான் பார்த்ததில்லை. இதை எப்படி நிறுத்துவேன்?

நீங்கள் இவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். காரோ கிடைப்பான் என்று எழுத வேண்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

விஷ்னியா


கோதன்பர்க்,
14 பிப்ரவரி 2000

என் திஹோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? கால் விரல்களைப் பனியிலிருந்து காத்துக்கொள். உனக்குச் சின்ன வயதிலேயே விரல் சிவந்து வீங்கும்.

விஷ்னியா எழுதியிருந்தாள். எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. என்னிடம் இருந்தபோதும் அவன் ஓடியிருக்கிறான். ஒரு முறை கிழவி ஒருத்தியின் கோழிக்கூட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். இப்போதும் யாராவது சோறு போட்டு வைத்திருப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் துரத்த மனம் வராது.

பொறுமையாகத் தேடு. குளிர் விட்டதும் வருவான். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நெவெங்கா

(தனித் தாளில்)

விஷ்னியா,

எழுதிவிட்டேன். எழுதி முடித்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், மிர்னாவுக்குக் கேட்கக் கூடாதென்று. இனி இப்படி ஒன்றை என்னிடம் கேட்காதே. கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன் என்பதுதான் பயமாக இருக்கிறது.

நான் மாத்திரைக் கதைக்குச் சிரித்தேனே. என்னிடம் ஏன் சொல்லவில்லை நீ?

நெ.


யாசெனிக்,
3 ஏப்ரல் 2000

அன்பு அண்ணிக்கு,

மிர்னாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருக்குமே. நலமாக இருக்கட்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொன்னால் நீங்கள் அழுவீர்கள். இவருக்கு எழுதுவீர்கள். இவர் என்னைப் பார்ப்பார், "நீயும் சொல்லிட்டியா" என்பதுபோல. அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

போன வாரம் பார்த்தோல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "விஷ்னியா, உன் புருஷன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிக்கிறான். பலகையைத் தாண்டிட்டான். நான் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறான்." எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. இவர் சிவப்புப் பலகைக்கு அப்பால், மரங்களுக்கு நடுவில், போன வருஷத்து இலைகள்மேல் நடந்துகொண்டிருந்தார். தேடுகிறவன் குனிந்து பார்ப்பான், கூப்பிடுவான். இவர் இரண்டும் செய்யவில்லை. சும்மா நடந்தார்.

நான் கரையிலிருந்தே கத்தினேன். "காரோ செத்துட்டாங்க! அங்க இல்லங்க! பார்த்தோல் பொதைச்சுட்டாருங்க! வந்துடுங்க!"

இவர் நின்றார். தான் வைத்த காலடிகளிலேயே மறுபடி கால் வைத்து, அவசரப்படாமல், திரும்பி வந்தார். கரைக்கு வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"காரோ செத்தது. பார்த்தோல் குடிசைக்குப் பின்னால புது மண்ணு இருந்துச்சு. அன்னைக்கே கேட்டேன், சொல்லிட்டான். எனக்குத் தெரியும்னு உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

என் பின்னாலேயே வந்திருந்த பார்த்தோல் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். பாவம், அவர் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே வராதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்புறம் எதுக்குங்க தினமும் தேடப் போனீங்க?"

"நான் வெளிய போனா உன் முகம் தெளிஞ்சுது. அதான் போனேன்."

"பேசினீங்களே, ஊரெல்லாம் போய்க் கேட்டீங்களே..."

"கேட்டுட்டு வந்தாத்தானே உன்கிட்ட சொல்ல ஏதாவது இருக்கும்."

"இந்தக் காட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

"இங்கதான் யாரும் வந்து நாய் கெடச்சுதான்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேயே வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இவர் எழவில்லை. அதற்கு மறுநாளும். எனக்காக நடந்தவருக்கு இப்போது நடக்க ஒரு காரணமும் இல்லை. காரோ உயிரோடு இருப்பதுபோல இவருக்காக நான் நடித்தேன், எனக்காக இவர் நடித்தார். அந்த நடிப்பாவது இருந்தது.

விஷ்னியா


கோதன்பர்க்,
11 மே 2000

அன்புள்ள விஷ்னியா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் அந்தக் கால்வாய்க் கரைக்கு நான் வந்து சேர முடியவில்லை. மிர்னாவுக்கு ரத்த அழுத்தம், டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அவளை விட்டுவிட்டு இப்போது வர வழியில்லை. இதை எழுதும்போதே என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

அவனை டாக்டரிடம் கூட்டிப் போ. வர மாட்டேன் என்றால் பார்த்தோலைக் கூட்டிக்கொண்டு போ. இன்னொன்று, இன்னொரு குட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன? காரோ வந்தபோது அவன் எழுந்து நடந்தானே. ஒரு உயிர் தன்னை நம்பி இருக்கிறது என்றால் எழுவான் என்று தோன்றுகிறது. வேறு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீ சாப்பிடுகிறாயா? உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை நீ.

நெவெங்கா


யாசெனிக்,
26 நவம்பர் 2000

அன்பு அண்ணிக்கு,

பேத்தியின் படம் வந்தது. நெற்றி அப்படியே மாமியார்தான். அவளுக்கு என் முத்தம். உங்கள் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் எழுதாததை மன்னிக்க வேண்டாம், மறந்துவிடுங்கள். என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் எடுத்துக்கொண்டார்கள்.

கோடையில் இவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்ல டாக்டர்தான், என்னைவிடச் சின்னவர். "இந்த மாதிரி நிறையப் பேர் வராங்கம்மா. படுக்கைதான் இல்ல" என்றார். இலை உதிரும் காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. பேச்சும் குறைந்திருக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார்.

நீங்கள் சொன்ன குட்டி விஷயத்தை நான் மறக்கவில்லை. பார்த்தோலின் நாய் குட்டி போட்டிருந்தது. அவருக்கும் மனதில் ஒரு பாரம் இருந்திருக்க வேண்டும். இந்த மாதம் மார்ட்டின் திருநாளன்று ஒரு குட்டியைக் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து இருந்தது. இவர் மடியில் வைத்தார். அது இவர் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்தது. இவர் விரல் அதன் தலைமேல் போயிற்று. நானும் பார்த்தோலும் மூச்சுவிடாமல் நின்றோம்.

நன்றாகத் தடவிக்கொடுத்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றைத் தொட்டு, "பால் குடிச்சிருக்கான்" என்றார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு வேன் கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். இவர் உடம்பு தூக்கிப் போட்டது. குட்டி பயந்து இவர் கைக்குள் ஒண்டிக்கொண்டது. அது நடுங்குவதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பார்த்தோல், இவனை எடுத்துக்கிட்டுப் போ."

"அட, பழகிடும்பா. குட்டிதானே."

"என்னைப் பாத்துத்தான் நடுங்குறான். சத்தத்துக்கு இல்ல. வீட்டுக்கு ஒருத்தன் நடுங்கினாப் போதும்."

"டிசம்பர் தாண்டட்டும், அதுவரைக்கும் நான் வெச்சிருக்கேன்..."

"டிசம்பர் தாண்டினா நான் வேற ஆளா ஆயிடுவேனா?"

பார்த்தோல் தன் மகளை மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்; பக்கத்தில் வேறு வீடே கிடையாது, வெடி வாங்கப் பையன்கள் கிடையாது, பனியும் ஆடுகளும்தான். இவரே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அங்க குடு. கட்டிப் போட வேணாம்னு சொல்லு" என்றார். பிறகு எழுந்தார், அண்ணி. ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாகத் தானாகக் கோட்டை மாட்டினார். குட்டியை உள்ளே வைத்துக்கொண்டு பார்த்தோல் வீடு வரை தூக்கிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நல்லபடியாகவே நடந்து போனார். நல்லபடியாகவே வந்தார். பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"அழுதுச்சாங்க?" என்று கேட்டேன்.

"இல்ல. வழியிலயே தூங்கிட்டான்."

அதன் பிறகு இன்று வரை இவர் வாசலைத் தாண்டவில்லை. நேற்றே எங்கேயோ முதல் பட்டாசு வெடித்துவிட்டது.

குட்டி மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நன்றாக இருக்கிறதாம். இவரை நான் எங்கே கொண்டுபோய் விடுவேன், அண்ணி?

உங்கள்,
விஷ்னியா